பூ விழ எத்தனை விநாடி

என் அப்பா ரந்தாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தார். தம் தலைக்கு மேலே போன ஒவ்வொரு விமானத்தையும் ஓட்டுவது மகனாகிய நான்தான் என்று பதினாறு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டினேன். பதினாறு ஆண்டு, நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு மணி நேரம். பறந்த நேரம் எல்லாம் ஒரு குறிப்பேட்டில் இருக்கிறது. அதில் நெகிரி செம்பிலானுக்கு மேலே பறந்தது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம்கூட வராது. மற்றதெல்லாம் போர்னியோ காடுகளும், கிழக்குக் கரையும், வெள்ள நேரத்தில் கூரைமேல் உட்கார்ந்திருந்த மனிதர்களும்தான். எங்கள் தோட்டத்துக்கு மேலே தினமும் போனவை, விமான நிலையத்தில் இறங்கப் போகும் பயணிகள் விமானங்கள். அவற்றுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அப்பாவிடம் குறைந்தது இருபது தடவை விளக்கியிருக்கிறேன். அவர் தலையை ஆட்டுவார். மறுநாள் விடிகாலை பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது சத்தம் கேட்டால், எண்ணுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு மேலே கையைக் காட்டுவாராம்.

"நம்ம பையன் போறான்."

அதற்குப் பதில் சொல்ல ஒருவர் எப்போதும் தயாராக இருந்தார். ரப்பர் பால் ஏற்றும் லாரியின் டிரைவர். அப்பாவைவிட இரண்டு வயது இளையவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் லாரியின் படியில் உட்கார்ந்துகொண்டு கேட்பாராம்.

"மண்டோரே, ராத்திரி ஒரு தடவ போனான். இப்ப ஒரு தடவ போறான். மத்தியானம் ரெண்டு தடவ போவான். உங்க மகனுக்குச் சாப்பாட்டு நேரமே கெடையாதா லா?"

பெரட்டுக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவுக்கு எண்ணிக்கை தவறிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். எதையும் இரண்டு தடவை எண்ணும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்ததோ என்னவோ.

டிரைவர் மாமாவுக்குச் சொந்தமாக ஒரு முடிவு இருந்தது. நான் விமானப்படையில் இருப்பது உண்மை. ஆனால் சாமான் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணியாக இருக்கிறேன். தோட்டத்தில் படித்த தமிழன் என்றால் கிராணி. கூச்சலும் அடியும் தாங்கினால் மண்டோர். கை நன்றாக இருந்தால் டிரைவர். அவர் அறுபது ஆண்டுகளில் பார்த்த உலகத்தில் நாலாவதாக ஒரு வேலை இல்லை. "நம்ம பிள்ளைங்க கையில பிளேன எவன் குடுப்பான்? ஸ்டோர் சாவியக் குடுத்தாலே பெரிசு" என்பார். அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கணக்குப் பார்த்தால் அவர் சொல்வதற்குத்தான் ஆதாரம் அதிகம்.

நான் ஒரு ஹெலிகாப்டரின் பக்கத்தில், சீருடையில் நிற்கும் படத்தை அப்பா சட்டைப்பையில் வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டியபோது டிரைவர் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாராம். பிறகு, "நான்கூடத்தான் தீயணைப்பு வண்டிப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்திருக்கேன். ஒரு நெருப்ப அணைச்சதில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பா என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஒரே ஒரு தடவை தோட்டத்துக்கு மேலே தாழப் பறந்து, டிரைவர் பார்க்கும்படி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகக் கூடாதா? கூடாது. எங்கள் பிரிவில் ஒருவர் தம் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வருங்கால மாமனார் வீட்டுக்கு மேலே தாழப் பறந்தார். அந்த வீட்டுக் கோழிகள் ஒரு மாதம் முட்டை போடவில்லை, அவரும் ஒரு மாதம் பறக்கவில்லை. இதைச் சொன்னேன். "கோழிய அடைச்சு வெக்கச் சொல்றேன்" என்றார் அப்பா.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விமானி என்றால் அஞ்சாதவன் என்று வெளியே நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை நெடுநாள் பறந்தவர்கள் எல்லாரும் கவலைப்படுகிறவர்கள்தான். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் ஒரு பட்டியலை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒருவர் படிக்க, இன்னொருவர் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். என் உடம்பில் அது ஊறிவிட்டது. இன்றும் தெமியாங்கில் இருக்கும் என் வீட்டைவிட்டு வெளியே கிளம்பினால் பதினொரு விஷயம் பார்ப்பேன். கேஸ், குழாய், பின்கதவு, சாமி விளக்கு என்று வரிசையாகச் சொல்ல, என் மனைவி "ஆச்சு, ஆச்சு" என்று பதில் சொல்வாள். சில நாள் நான் கேட்டு முடிப்பதற்குள் ஆச்சு வந்துவிடும். ஒரு நாள் "யானை?" என்று கேட்டுப் பார்த்தேன். "ஆச்சு" என்றாள். பார்க்காமல் சொல்லும் ஆச்சுதான் உலகத்திலேயே ஆபத்தானது என்று நாற்பது வருடமாக அவளிடம் சொல்லிவருகிறேன்.

பதினாறாம் ஆண்டு படையிலிருந்து விலகினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருந்தார்கள், முதுகு வலி வேறு. கோலாலம்பூரில் ஒரு செம்பனைத் தோட்ட நிறுவனம் போக்குவரத்துப் பிரிவுக்கு ஆள் தேடியது. நேர்முகத் தேர்வில், லாரியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். சுமை எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, வானம் எப்படி, எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும், இந்த நாலும் தெரிந்தால் எதையும் ஓட்டலாம் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இரண்டு பேர் சிரித்தார்கள், மூன்றாமவர் எழுதிக்கொண்டார். அந்த மூன்றாமவர்தான் என்னை எடுத்தார்.

வேலை பிடித்திருந்தது. வெட்டிய செம்பனைக் குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். என் கையில் முப்பத்தெட்டு லாரி. கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று பதினாலு வரிகளை அட்டையில் எழுதி ஒவ்வொரு லாரியிலும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். டிரைவர்கள் முதல் வாரம் அந்த அட்டையால் விசிறிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் ஒருவர், சக்கரத்தின் போல்ட்டு ஒன்று கழன்றிருந்ததைப் பட்டியலால் கண்டுபிடித்தார். அதன் பிறகு விசிறிக்கொள்ளவில்லை, விசிறிக்கொண்டாலும் படித்துவிட்டுத்தான் விசிறினார்கள். அப்படியே ஒவ்வொரு படியாக ஏறி, பதினோராம் மாடியில் ஓர் அறையும், டையும், கம்பெனிக் காரும், கார் நிறைய கோப்புகளும் என்று ஆனேன்.

இந்த உயர்வுதான் அப்பாவைக் கவிழ்த்தது. அவர் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரந்தாவில் என் தங்கை வீட்டில் இருந்தார். நான் கழுத்தில் டையும் கக்கத்தில் கோப்புமாகக் காரிலிருந்து இறங்கியதை எதிர்ச் சாப்பாட்டுக் கடையிலிருந்து டிரைவர் மாமா பார்த்துவிட்டார். அவர் கடையில் இருந்தவர்களிடம் சொன்னதை அப்பா அன்று சாயங்காலம் என்னிடம் அப்படியே சொன்னார்.

"பார்த்தீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன். கிராணிதான். இப்ப பெரிய கிராணி."

சொல்லிவிட்டு அப்பா வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். பிறகு, "இனிமே எந்த பிளேனத்தான்டா காட்டறது?" என்றார்.

அடுத்த தடவை ரந்தாவுக்கு வந்தபோது டையைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். 

சில ஆண்டுகள் கழித்து எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் புதுப்பித்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, சனங்கள் ரந்தாவுக்கும் சிரம்பானுக்கும் குடிபோய்விட்டாலும், கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே அதே இடத்தில் இருந்தது. கோயில் குழுவின் தலைவர் டிரைவர் மாமா. கோலா சாவாப் பக்கம் ஒரு கோயில் குடமுழுக்கில் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவியிருந்தார்கள். அந்தச் செய்தி வந்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பேருந்து பிடித்து என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எண்பதை நெருங்கும் வயது, இரண்டு முழங்காலும் வலி. பதினோராம் மாடியின் கண்ணாடிப் பக்கம் போகாமல் கதவோரமாகவே உட்கார்ந்தார்.

"தம்பி, அவுங்க அம்மனுக்கு வானத்துலேருந்து பூ விழுது. நம்ம அம்மன் மட்டும் என்ன கொறச்சலா? நீங்க ஏர்ஃபோர்ஸ்ல கிராணியா இருந்தவரு. யாராச்சும் ஒரு பைலட்டத் தெரிஞ்சிருக்குமே?"

நானே பைலட்தான் மாமா என்றேன். அவர் வாழைப்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு அன்பாகச் சிரித்தார். "அப்பா சொல்லியிருக்காரு, தம்பி" என்றார்.

நான் ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன். அன்று மாலையே அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. "நீதான் ஓட்டணும். அவன் கண்ணு முன்னால" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வருவதற்குள், கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டதாகவும் சொல்லிவிட்டார்.

அங்கேதான் சிக்கல். நான் ஹெலிகாப்டரைத் தொட்டுப் பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. உரிமம் காலாவதி. வாடகைக்கு ஹெலிகாப்டர் விடும் ஒரு நிறுவனத்தில் என்னிடம் படையில் பயிற்சி பெற்ற ஒரு மலாய்க்காரர் விமானியாக இருந்தார். அவரைக் கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார். நிலைமையைக் கேட்டுவிட்டு, தரையிலிருந்து கிளம்பினதும் கொஞ்ச நேரம் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் துவான், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். படையில் மேலதிகாரியைக் கூப்பிடும் அந்தத் துவானை அவர் இன்னும் விடவில்லை. எனக்கு ஆசையாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கீழே நானூறு பேர், ஒரு கோபுரம், ஒரு யாகசாலை. பதினோரு வருடம் பழகாத கை. வேண்டாம் என்றேன். பின்னால் உட்கார்ந்து, இடுப்பில் வார் கட்டிக்கொண்டு, பூ தூவும் வேலையை எடுத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நீ ஓட்டல."

"இல்லப்பா. பூதான் போடறேன்."

"சரி. அத யார்கிட்டயும் சொல்லாத."

ஓட்டத்தான் முடியவில்லை, பூவாவது சரியாக விழ வேண்டும் என்று முடிவு செய்தேன். கோபுரக் கலசத்தில் தண்ணீர் ஊற்றும் அதே நேரத்தில் அந்தக் கோபுரத்தின் மேலேயே விழ வேண்டும். டிரைவர் மாமா வாயை அடைக்க எனக்கு இருந்த ஒரே வழி அது. நான் கிராணி என்றால் பூ எங்கேயோ போய் விழும். விமானி என்றால் விழ வேண்டிய இடத்தில் விழும்.

ஒரு பூவிதழ் விழ எத்தனை விநாடி ஆகும்? யாருக்கும் தெரியவில்லை. ஒரு கிலோ சாமந்திப் பூவை வாங்கி இதழ் இதழாக உதிர்த்து, மத்தியான உணவு நேரத்தில் அலுவலகக் கட்டடத்தின் உள்படிக்கட்டு இடைவெளியில், பதினோராம் மாடியிலிருந்து போட்டேன். கடிகாரத்தைப் பிடித்தபடி கீழே நின்றது என் செயலாளர். இருபத்திரண்டு விநாடி. ஆறு தடவை போட்டும் இருபத்தொன்றுக்குக் குறையவில்லை, இருபத்துமூன்றைத் தாண்டவில்லை. ஏழாவது தடவை துப்புரவு செய்யும் அம்மாள் வந்துவிட்டார். ஒரு பொது மேலாளரை யாரும் அந்த மாதிரித் திட்டி நான் கேட்டதில்லை. படிக்கட்டைக் கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அறைக்குத் திரும்பினேன்.

பிறகு மூன்று காலை நேரம், குடமுழுக்கு நடக்கும் அதே மணிக்கு, கோயிலில் போய் நின்று கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்தேன். தெற்கிலிருந்து மெல்லிய காற்று. நூற்றைம்பது அடி உயரம், அங்கிருந்து இதழ் விழ இருபத்தெட்டு விநாடி, அந்தக் காற்று, இறக்கை கீழே தள்ளும் காற்று, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், கோபுரத்துக்குத் தெற்கே, நடந்தால் நாற்பது எட்டு வைக்கும் தூரம் தள்ளிப் பூவை விட வேண்டும். அது மிதந்து வந்து கோபுரத்தில் இறங்கும். கோபுரத்தை வலமாக மூன்று சுற்று. வலமாகச் சுற்றினால் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் விமானிக்குக் கோபுரம் கண்ணிலேயே இருக்கும். பிரதட்சிணம் என்று வைத்தவர் ஹெலிகாப்டரையும் மனத்தில் வைத்திருப்பார்போல என்று மலாய் விமானியிடம் சொன்னேன். அவர் அதை ரசித்தார்.

கோயில் குழுவுக்கு இருபத்துமூன்று வரிப் பட்டியல் ஒன்று கொடுத்தேன். பந்தல் தகரத்தைக் கம்பியால் கட்ட வேண்டும். குடை விரிக்கக் கூடாது. கோழிகளை அடைக்க வேண்டும். யாகசாலை நெருப்புக்கு மறைப்பு வேண்டும். பதினேழாவது வரி, முதியவர்களுக்கு நாற்காலி போட வேண்டிய இடம். கோபுரத்துக்குத் தெற்கே நாற்பது எட்டு. அங்கே காற்று தூசியைக் கொண்டுவராது, பூவும் தலைக்கு மேலே மிதந்து போய்விடும். பதினாலு நாற்காலி. நடுவில் அப்பாவும் டிரைவர் மாமாவும். முழங்கால் வலியால் கோபுரச் சாரத்தில் ஏற முடியாத தலைவருக்கு, எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்க அதுதான் இடம்.

பூவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன். சாமந்தியும் ரோஜாவும், இதழாக உதிர்த்து, ஆறு சாக்கு, ஒவ்வொன்றும் நாலு கிலோ.

காலை எட்டு மணிக்குக் கோயிலை ஒட்டியிருந்த தமிழ்ப்பள்ளித் திடலில் ஹெலிகாப்டர் இறங்கியது. ஆறு சாக்கும் தயாராக இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று கையோடு கொண்டுபோயிருந்த தராசில் தூக்கிப் பார்த்தேன். முதல் சாக்கு ஏழு கிலோ. இரண்டாவதும் ஏழு. ஆறாவது ஏழே கால். ஆறு சாக்கும் சேர்த்து எதிர்பார்த்ததைவிடப் பதினெட்டு கிலோவுக்கு மேல் அதிகம். ஒரு சாக்கை அவிழ்த்துக் கையை விட்டேன். சில்லென்று இருந்தது.

அம்மனுக்குப் போகும் பூவை எந்தத் தோட்டத்துப் பெண் காயவிடுவாள்? முந்தின நாள் மாலை இருபது பெண்கள் உட்கார்ந்து உதிர்த்து, வாடாமல் இருக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, இன்னும் ஒரு தடவை தெளித்து, சாக்கில் அமுக்கி இறுகக் கட்டியிருந்தார்கள். கோயிலுக்குக் கொடுக்கும் பூவை அவர்களுடைய பாட்டிமாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். சாக்கைக் கொண்டுவந்த பெண்மணி பெருமையாக, "ஒரு இதழ்கூட வாடல பாருங்கண்ணே" என்றார். வாடவில்லைதான். கொழுக்கட்டை மாதிரி உருண்டு திரண்டிருந்தது.

ஒன்பது பன்னிரண்டுக்கு முகூர்த்தம். மணி எட்டே முக்கால். நானும் அந்தப் பெண்மணியும் கையால் பிரித்துப் பார்த்தோம். பிரிந்தது பாதி, பிரியாதது பாதி. அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது, ஈரப் பூவுக்குக் கணக்கை மறுபடி போடுவது. அதைச் செய்யவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறவன் அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மனத்தில் இருந்ததெல்லாம் நாற்பது எட்டு, நாற்பது எட்டு என்பதுதான். ஏறி, வாரைக் கட்டிக்கொண்டேன்.

மேலே போனதும் பதினோரு ஆண்டும் கழன்று விழுந்தது. செம்பனை மரங்கள் வரிசையாக, நட்சத்திரம் நட்டு வைத்தாற்போல் நின்றன. நடுவே கோபுரம், புது வர்ணம். முதல் சுற்றில் நானூறு முகங்களும் அண்ணாந்தன. இரண்டாம் சுற்றில் சிவாச்சாரியார் குடத்தைத் தூக்கினார். மூன்றாம் சுற்றில் விமானி அங்குலம் தவறாமல் நான் சொன்ன இடத்தில் நிறுத்தினார். இரண்டு கையும் அள்ளிப் போட்டேன்.

இதழ் இருபத்தெட்டு விநாடியில் விழ வேண்டும். உருண்டைகள் மூன்று விநாடியில் விழுந்தன. மிதக்கவில்லை. எங்கே விட்டேனோ அங்கே, நேர் கீழே. அங்கே பதினாலு நாற்காலி.

பதினாலு நாற்காலியும் தெரிந்தன. தலைகளை எண்ணினேன். பதிமூன்று. மறுபடி எண்ணினேன். பதிமூன்று. மிச்சமிருந்த பூவை அதற்குப் பிறகு எப்படித் தூவினேன் என்று நினைவில்லை. பிரிந்த இதழ்கள் அழகாக மிதந்து கோபுரத்தில்தான் விழுந்தனவாம், எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். நான் பார்க்கவில்லை. ஓர் ஆளைக் கொன்றுவிட்டேன் என்ற நினைப்போடு திடலில் வந்து இறங்கினேன்.

வாரை அவிழ்ப்பதற்குள் பதினாலாவது ஆள் வந்துவிட்டார். டிரைவர் மாமா. உருண்டை அவர் தலையில் கட்டியிருந்த பரிவட்டத்தின் நடுவில் விழுந்து சிதறியிருந்தது. தலை, தோள், வெள்ளைச் சட்டை எல்லாம் மஞ்சள். அடி விழுந்ததும் நாற்காலியைவிட்டு எழுந்தவர், வலிக்கும் முழங்காலோடு திடல்வரை நடந்தே வந்திருந்தார். பின்னாலேயே அப்பா, அவரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தபடி.

அவர் என்னைத் தாண்டி நடந்தார். நேரே முன்பக்கம் போய், ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கிய விமானியிடம் மலாயில் சண்டை பிடித்தார். கோபுரம் அங்கே இருக்கிறது, கண் தெரியாதா, நாற்பது வருடம் லாரி ஓட்டியவன் நான், ஒரு வாளி பாலைச் சிந்தியதில்லை என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் ஓட்டினார்கள் என்பது அம்பலமாகிவிட்டது.

விமானி கேட்டு முடித்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, பணிவாகப் பதில் சொன்னார். எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னது துவான், அங்கே நின்றேன். நான் தப்பாக நிற்க மாட்டேன், நிற்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

டிரைவர் மாமா தலையிலிருந்து ஒரு பூவிதழை எடுத்துப் பார்த்தார்.

"இவரா? இவரு ஸ்டோர் கிராணியில்ல?"

விமானி சிரித்துவிட்டார். ஸ்டோரில் இருந்தவர்கள் இவரைக் கண்டால் பின்வாசல் வழியாக ஓடிவிடுவார்கள், ஒரு திருகாணி குறைந்தாலும் கண்டுபிடிப்பார் என்றார். தானும் இன்னும் எட்டுப் பேரும் இவரிடம்தான் ஓட்டப் பழகியதாகச் சொன்னார்.

லாரி ஓட்டியவருக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. அவரே ஐந்து கிளீனர்களுக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர்களில் யார் எங்கே ஓட்டினாலும் அது தாம் ஓட்டுவது மாதிரித்தான் என்று கடையில் பலமுறை பேசியிருக்கிறார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"சரி மண்டோரே. கிராணி இல்ல."

அப்பா அவர் அருகில் போனார். தம் துண்டை எடுத்து அவருடைய தோளில் இருந்த மஞ்சளைத் துடைத்துவிடத் தொடங்கினார். ரொம்ப நேரம் துடைத்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து மத்தியானம் அப்பா கூப்பிட்டார். குரலில் குறை இருந்தது. டிரைவர் கடையில் தினமும் இதே கதையைச் சொல்கிறாராம். நூற்றைம்பது அடி ஐந்நூறு அடியாகிவிட்டதாம். நான் மேலேயிருந்து அவரை அடையாளம் கண்டு, கையை ஆட்டி, பிறகு குறி பார்த்துப் போட்டேனாம். புதிதாகக் கடைக்கு வருகிறவர்கள்கூட அப்பாவை விட்டுவிட்டு அவர் பக்கத்தில்தான் உட்காருகிறார்களாம்.

"பெத்தவன் நான் இருக்கேன். கத அவன்கிட்ட கேக்கறானுங்க" என்றார். பிறகு, "அந்த உருண்டை ரெண்டு கிலோ இருந்துச்சுன்றான். நெசமா எவ்வளோ இருக்கும்?"

நான் அதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கைப்பிடியில் அடங்கும் அளவு, நனைந்த இதழ். "எண்பது கிராம் இருந்தாலே அதிகம்பா."

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"அத அவன்கிட்ட சொல்லிடாத. ரெண்டு கிலோவத் தாங்கினவன்தான்டா ஊரெல்லாம் சொல்லுவான். எண்பது கிராமுக்கு எவன் வாயத் தொறப்பான்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ரந்தாவுக்குப் போனபோது அப்பா என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். டிரைவர் மாமா நடு மேசையில் இருந்தார். சுற்றி ஏழு பேர். கதை மூன்றாம் சுற்றை எட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தி, நாற்காலி ஒன்றைக் காலால் தள்ளிவிட்டார்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. இவனுங்க நம்ப மாட்டேங்கறானுங்க. எவ்வளோ இருக்கும்? ரெண்டு கிலோ இருக்காது?"

அப்பா நுரை ததும்பும் தம் தே தாரிக் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். குடமுழுக்குக்கு நான் சாக்குகளை எடை போட்டேன். காற்றை அளந்தேன். விநாடியை எண்ணினேன். அந்த ஓர் உருண்டையை மட்டும் எடை போடவில்லை.

"எடை போடல மாமா" என்றேன். "கையில கனமாத்தான் இருந்துச்சு."

டிரைவர் மாமா மேசையை ஒரு தட்டுத் தட்டினார். ஏழு பேரையும் ஒருவர் விடாமல் பார்த்தார்.

"கேட்டுக்குங்க லா. பைலட்டே சொல்றாரு."

அப்பா கடைக்காரரைக் கூப்பிட்டு, டிரைவருக்கு இன்னொரு தே தாரிக் கொண்டுவரச் சொன்னார். சர்க்கரை தூக்கலாக.